சி. கொண்டைய ராஜு

சி. கொண்டைய ராஜு (1898 – 1976) தமிழ்நாட்டைச் சேர்ந்த ஓவியர் ஆவார். நாடகக் குழுவில் திரைச்சீலை வரையும் கலைஞராகப் பணியாற்றிய இவர், பின்னர் கோவில்பட்டியில் தங்கிச் சிவகாசி அச்சகங்களுக்காகத் தெய்வப் படங்களை வரைந்தார். தென்னிந்திய நாட்காட்டி (காலண்டர்) ஓவியத்தின் முன்னோடிகளுள் ஒருவராக இவர் மதிக்கப்படுகிறார். சென்னையில் ஓவியக் கல்வி பெற்ற இவர், இளமையில் சில ஆண்டுகள் திருவண்ணாமலையில் ரமண மகரிசியின் ஆசிரமத்தில் வாழ்ந்தார். இவரும் இவருடைய மாணவர்களும் வரைந்த இலட்சுமி, முருகன், மீனாட்சி, கண்ணன் முதலிய படங்கள் தமிழ்நாட்டின் பூசை அறைகளிலும் கடைகளிலும் பல பத்தாண்டுகள் இடம் பெற்றிருந்தன. படங்களை அறிந்தவர்கள் மிகப் பலராக இருந்தும், வரைந்தவரின் பெயரை அறிந்தவர்கள் சிலராகவே இருந்தனர்.

இளமையும் கல்வியும்

கொண்டைய ராஜு 1898 ஆம் ஆண்டில் பிறந்தார். சென்னையில் இருந்த அரசு கலைத்தொழில் பள்ளியில் ஓவியம் பயின்றார். 1850 இல் அலெக்சாண்டர் அண்டர் என்னும் மருத்துவரால் தொடங்கப்பட்டுப் பின்னர் அரசின் பொறுப்புக்கு வந்த இப்பள்ளி, தொடக்கத்தில் கைத்தொழில் பயிற்சியையே முதன்மை நோக்கமாகக் கொண்டிருந்தது. மர வேலை, உலோக வேலை, மட்பாண்டம், அச்சுச் செதுக்கு ஆகியவற்றோடு, பொருட்களைப் பார்த்து வரைதல், தொலைவுக்கேற்ப அளவு குறைத்து வரையும் முறை, ஒளி நிழல் காட்டுதல் ஆகியனவும் ஐரோப்பிய முறையில் கற்பிக்கப்பட்டன. இப்பயிற்சி பெற்றவர்களுக்கு அக்காலத்தில் வரைபடப் பணி, பள்ளி ஓவிய ஆசிரியர் பணி, உருவப்படம் வரைதல், நாடகத் திரை எழுதுதல் ஆகியவையே வாழ்க்கை வழிகளாக இருந்தன. ஓவியக் கண்காட்சிகளும் தனி ஓவியங்களை விலைக்கு வாங்குவோரும் மிக அரிது.

இதே பள்ளிக்கு 1929 இல் தேவி பிரசாத் ராய் சவுத்ரி தலைமை ஏற்றார். அவருக்குப் பின் கே. சி. எஸ். பணிக்கர் தலைமையில் இங்கிருந்து ஒரு நவீன ஓவிய இயக்கம் உருவாகி, 1966 இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் அமைவதற்கு வழி வகுத்தது. கொண்டைய ராஜு இந்த மாற்றங்களுக்கு முந்தைய தலைமுறையைச் சேர்ந்தவர். ஒரே பள்ளியிலிருந்து கலைக்கூடச் சுவர்களை நோக்கி ஒரு பாதையும், நாடகக் கொட்டகையையும் அச்சகத்தையும் நோக்கி மற்றொரு பாதையும் சென்றன. இவர் இரண்டாவது பாதையில் சென்றவர்.

திருவண்ணாமலையில்

கல்விக்குப் பின் கொண்டைய ராஜு நிலையான வேலையில் அமராமல் ஆன்மீக நாட்டம் கொண்டவராகத் திருவண்ணாமலைக்குச் சென்றார். 1896 இல் இளைஞராக அவ்வூருக்கு வந்த ரமணர், மலைமீது விரூபாட்ச குகையிலும் பின்னர் கந்தாசிரமத்திலும் வாழ்ந்து வந்தார். 1922 இல் அவருடைய தாயார் அழகம்மாள் மறைந்து மலையடிவாரத்தில் அடக்கம் செய்யப்பட்ட பின், அவ்விடத்தில் ரமணாசிரமம் வளர்ந்தது. ரமணர் 1950 இல் மறையும் வரை அங்கேயே வாழ்ந்தார்.

திருவண்ணாமலை, மலையையே சிவனாக வணங்கும் ஊர். அண்ணாமலையார் கோயிலின் கார்த்திகைத் தீபத் திருவிழாவிற்குப் பல மாவட்டங்களிலிருந்தும் மக்கள் கூடுவர். இத்தகைய கோயில் நகரங்களின் தேரடி வீதிகளில், கண்ணாடி போட்ட சாமி படங்களை விற்கும் கடைகள் இருப்பது வழக்கம். திருவிழாக் காலங்களில் தெருக்கூத்தும் கொட்டகை நாடகமும் நடைபெறும். தெய்வ உருவத்தை மக்கள் எவ்வாறு நேருக்கு நேர் நின்று காண விரும்புகின்றனர் என்பதை அறிவதற்கு இவ்வூர்களை விடச் சிறந்த இடம் வேறில்லை.

கொண்டைய ராஜு துறவு பூணவில்லை. ஆயினும் ஆசிரம வாழ்வின் தாக்கம் இவரிடம் இறுதிவரை நிலைத்திருந்தது. இவர் திருமணம் செய்துகொள்ளாமல் எளிய வாழ்க்கை வாழ்ந்தார். பிற்காலத்தில் இவருடைய மாணவர்களே இவருக்குக் குடும்பமாக அமைந்தனர். திருவண்ணாமலையை விட்டு வெளியேறிய பின், இவர் நாடகக் குழுவில் திரை ஓவியராகச் சேர்ந்தார்.

நாடகத் திரை ஓவியம்

பின்புலம்

தமிழ்நாட்டில் தெருக்கூத்திற்குத் தீட்டிய திரைகள் தேவைப்படவில்லை. இருவர் பிடிக்கும் ஒரு சிறு துணியின் பின்னிருந்து நடிகர் வெளிப்படுவார். காட்சிக்கேற்பப் பின்னணியை மாற்றும் வழக்கம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பார்சி நாடகக் குழுக்களும் மராத்தி நாடகக் குழுக்களும் தென்னாட்டுக்கு வந்து நடித்ததன் விளைவாகப் பரவியது. 1891 இல் சென்னையில் தொடங்கப்பட்ட சுகுண விலாச சபை போன்ற பயில்முறைக் குழுக்களும், ஊர் ஊராகச் சென்ற தொழில்முறைக் குழுக்களும் இம்முறையை ஏற்றுக்கொண்டன. சங்கரதாசு சுவாமிகள் 1918 இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடர்ந்து சிறுவர் நாடகக் குழுக்கள் பெருகின. பாய்சு கம்பெனிகள் என அழைக்கப்பட்ட இக்குழுக்கள் ஒவ்வொன்றுக்கும் சொந்தமாகத் திரைகளும் உடைகளும் மேடைப் பொருட்களும் தேவைப்பட்டன.

தொழில்முறை

ஒரு குழுவிடம் பொதுவாகப் பத்துக்கும் மேற்பட்ட திரைகள் இருக்கும். நாடகத் தொழிலில் இவை சீன் அல்லது படுதா எனப்பட்டன. தெரு, காடு, அரசவை, அந்தப்புரம், நந்தவனம், சிறைச்சாலை, சுடுகாடு, கைலாயம் ஆகியவை எல்லாக் குழுக்களிடமும் இருந்த திரைகளாகும். அரிச்சந்திரன் நாடகத்தின் சுடுகாட்டையும் வள்ளி திருமணத்தின் தினைப்புனத்தையும் தனித்தனியே வரையவேண்டும். பாமா விசயத்தில் வரும் அந்தப்புரமே பவளக்கொடியிலும் அந்தப்புரமாகப் பயன்படும். எனவே எந்த நாடகத்துக்கும் பொருந்தும்படியும், அதே நேரத்தில் பார்த்தவுடன் இன்ன இடம் என்று விளங்கும்படியும் வரைவது திரை ஓவியரின் முதல் திறமையாகக் கருதப்பட்டது.

திரைக்குரிய காடாத் துணியை அகலத்துக்கேற்ப மூட்டித் தைத்துத் தரையில் விரித்தோ சட்டத்தில் கட்டியோ இழுத்துப் பிணைப்பர். வச்சிரப் பசையையும் வெள்ளைச் சுண்ணப் பொடியையும் கலந்து முதற்பூச்சு பூசப்படும். அது உலர்ந்தபின், சுண்ணப் பொடி தடவிய நூலை இழுத்துத் தட்டி நேர்கோடுகள் இடப்படும். அரண்மனைத் தூண்களும் தரைக் கற்களும் தொலைவில் ஒரே புள்ளியில் குவிவதாகத் தோன்றுவதற்கு இக்கோடுகள் அடிப்படையாகும். வண்ணப் பொடிகளைச் சூடான பசை நீரில் குழைத்துப் பட்டையான தூரிகைகளால் விரைந்து தீட்டவேண்டும். பசை ஆறினால் இறுகிவிடும். ஈரமாக இருக்கும்போது அடர்த்தியாகத் தெரியும் வண்ணம் உலர்ந்தபின் வெளிறிவிடும் என்பதால், உலர்ந்த நிறத்தை மனத்தில் கொண்டு ஈர வண்ணத்தைக் கலக்கவேண்டும். பூச்சு தடித்துவிட்டால் திரையைச் சுருட்டும்போது வெடித்து உதிரும். மெல்லியதாக இருந்தால் பின்னால் இருக்கும் விளக்கொளி ஊடுருவித் தெரியும்.

மேடை விளக்குகளும் ஓவியத்தை மாற்றும். வாயு விளக்கு, பெட்ரோமாக்சு விளக்கு, மின்விளக்கு என ஒவ்வொன்றின் ஒளியிலும் ஒரே வண்ணம் வேறாகத் தோன்றும். பகல் வெளிச்சத்தில் அழகாக இருக்கும் இளமஞ்சள், இரவு விளக்கில் வெண்மையாகிவிடும். கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவருக்கும் காட்சி விளங்கவேண்டும். ஆகவே நுண்ணிய வேலைப்பாடுகளை விடுத்து, பெரிய வடிவங்களையும் தெளிவான வண்ண வேறுபாட்டையும் திரை ஓவியர்கள் நாடினர்.

திரைகளோடு இவர்களின் பணி முடிவதில்லை. மேடையின் இருபுறமும் நிற்கும் பக்கத் தட்டிகள், மேலே தொங்கும் சாலர், காகிதக் கூழால் செய்த முகமூடிகள், அட்டையில் சிகினாத் தாள் ஒட்டிய மணிமுடிகள், கதை, வில், தேர், பாம்பு, அன்னம் என மேடைப் பொருட்கள் பலவற்றையும் குழுவின் ஓவியரும் தச்சரும் சேர்ந்து உருவாக்குவர். தூண் பிளந்து நரசிம்மர் தோன்றுவது போன்ற தந்திரக் காட்சிகளில், எந்த இடத்தில் துணியை வெட்டி எங்கே விளக்கை மறைப்பது என்பதும் ஓவியரின் கணக்கைச் சார்ந்ததாகும்.

ஒரு முகாம் முடிந்ததும் திரைகள் மூங்கிலில் சுருட்டப்பட்டுத் தொடர்வண்டியிலும் மாட்டு வண்டியிலும் அடுத்த ஊருக்குக் கொண்டுசெல்லப்படும். மழையில் நனைந்த திரையில் பசை கரைந்து வண்ணம் ஓடிவிடும். எனவே திரை ஓவியர் குழுவோடு பயணம் செய்து பழுது பார்த்துக்கொண்டே இருந்தார். நாடக விளம்பரத் தாள்களில் புதிய சீன்கள் பெருமையாகக் குறிப்பிடப்பட்டன. நடிகர்களின் பெயர்கள் பெரிய எழுத்தில் அச்சாயின. திரை எழுதியவரின் பெயர் பெரும்பாலும் இடம்பெறவில்லை. திரைகளும் தேய்ந்து கிழிந்தபின் வேறு பயனுக்குப் போயின. அதனால் கொண்டைய ராஜுவின் காலத்துத் திரை ஓவியங்களில் மிகச் சிலவே எஞ்சியுள்ளன.

குழு கலைதல்

1931 அக்டோபர் 31 அன்று வெளியான காளிதாசு திரைப்படத்துடன் தமிழ்ப் பேசும்படக் காலம் தொடங்கியது. நாடக நடிகர்களும் பாடகர்களும் இசைக் கலைஞர்களும் திரைப்படத் துறைக்குச் சென்றனர். நாடகக் கொட்டகைகள் பல திரையரங்குகளாக மாறின. சிறுவர் குழுக்கள் சில தொடர்ந்து நடத்தப்பட்டாலும், வசூல் குறைந்த ஊரில் குழு கலைந்துவிடுவது வழக்கமாயிற்று. நடிகருக்குத் திரைப்படம் ஒரு மாற்று வழியாக இருந்தது. மேடைக் கலைஞர்களுள் சிலரும் திரைப்படத் தளங்களில் அரங்க அமைப்பாளர்களாகவும் பதாகை ஓவியர்களாகவும் ஆயினர். ஆனால் அத்தளங்கள் சென்னை, சேலம், கோயம்புத்தூர் போன்ற நகரங்களிலேயே இருந்தன.

கொண்டைய ராஜு பணியாற்றிய குழு 1940களின் தொடக்கத்தில் கோவில்பட்டியில் முகாமிட்டிருந்தபோது கலைந்தது. அப்போது இவர் நாற்பது வயதைக் கடந்திருந்தார். இவர் சென்னைக்குத் திரும்பவில்லை. திரைப்படத் துறைக்கும் செல்லவில்லை. குழுவிலிருந்த இளைய ஓவியர்கள் சிலருடன் கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார்.

கோவில்பட்டியில்

கோவில்பட்டி, அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில் கரிசல் நிலத்தின் நடுவே அமைந்த ஊராகும் (1986 முதல் தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ளது). மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் இடைப்பட்ட தொடர்வண்டிப் பாதையில் இருப்பதாலும், பஞ்சாலைகளும் தீப்பெட்டித் தொழிலும் வளர்ந்ததாலும் வணிகச் சிறப்புப் பெற்றது. இங்குக் கொண்டைய ராஜுவும் மாணவர்களும் ஓவியப் பணியையும் ஒளிப்பட நிலையப் பணியையும் ஒருங்கே மேற்கொண்டனர்.

இவ்விரண்டும் அக்காலத்தில் தொடர்புடைய தொழில்களே ஆகும். ஒளிப்பட நிலையங்களில் படம் எடுத்துக்கொள்பவருக்குப் பின்னால் தீட்டிய திரை ஒன்று தொங்கும். மாளிகைப் படிக்கட்டு, பூந்தொட்டி, ஏரி, மலை ஆகியவை அதில் இருக்கும். நாடகத் திரையை வரைந்தவருக்கு இது பழகிய வேலை. கறுப்பு வெள்ளைப் படங்களைத் திருத்துவதும், அவற்றின் மேல் வண்ணம் தீட்டுவதும், இறந்தவர்களின் சிறிய படத்தைப் பார்த்துப் பெரிய உருவப்படம் வரைவதும் ஓவியரின் பணிகளாக இருந்தன.

சிவகாசியும் நாட்காட்டி ஓவியமும்

கோவில்பட்டிக்கு வடக்கே, சாத்தூரைக் கடந்து செல்லும் தொலைவில் சிவகாசி உள்ளது. ப. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் 1922 இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தயாரிப்பைக் கற்றுத் திரும்பியபின், அவ்வூரில் தீப்பெட்டித் தொழிலும் தொடர்ந்து பட்டாசுத் தொழிலும் வளர்ந்தன. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் வண்ணச் சிட்டைகள் தேவைப்பட்டன. அதற்காகத் தொடங்கப்பட்ட கல்லச்சு நிலையங்கள், சிட்டை அச்சிடும் பருவம் தவிர்த்த காலத்திலும் பொறிகளுக்கு வேலை தேடின. நாட்காட்டி அதற்கு ஏற்றதாக அமைந்தது. வறண்ட காலநிலை, தீக்குச்சி உலர்வதற்கு மட்டுமன்றித் தாளில் வண்ணங்கள் பிசகாமல் பதிவதற்கும் உதவியது.

தெய்வப் படங்களை வண்ணத்தில் அச்சிடும் தொழில் இந்தியாவில் முன்னரே தொடங்கியிருந்தது. திருவிதாங்கூரைச் சேர்ந்த இராசா இரவிவர்மா (1848 – 1906) 1894 இல் பம்பாயில் கல்லச்சு நிலையம் ஒன்றை நிறுவினார். அவருடைய இலட்சுமி, சரசுவதி படங்கள் நாடெங்கும் பரவின. கொண்டைய ராஜுவின் ஓவியங்களில் இரவிவர்மாவின் தாக்கம் தெளிவாகக் காணப்படுகிறது. ஆனால் இரவிவர்மாவின் தெய்வங்கள் பெரும்பாலும் மானிடப் பெண்களையும் ஆண்களையும் ஒத்தவர்கள். கொண்டைய ராஜு அந்த உடலமைப்பையும் ஒளி நிழலையும் எடுத்துக்கொண்டு, தமிழகக் கோயில்களின் உற்சவத் திருமேனிகளுக்குரிய அணிகலன், மாலை, மணிமுடி ஆகியவற்றை அதனுடன் சேர்த்தார். பார்ப்பவரின் ஊர்க் கோயிலில் அலங்காரம் செய்து நிற்கும் அம்மனே உயிர் பெற்றதுபோல் அப்படங்கள் தோன்றின.

கசலட்சுமி, மீனாட்சி திருக்கல்யாணம் ஆகிய படங்கள் இவருடைய புகழ்பெற்ற படைப்புகளுள் அடங்கும். கசலட்சுமி படத்தில் தாமரை மீது அமர்ந்த இலட்சுமியை யானைகள் நீராட்டுகின்றன. மீனாட்சி திருக்கல்யாணத்தில் திருமால் தாரை வார்க்கச் சிவன் மீனாட்சியின் கைப்பற்றுகிறார். மதுரைக் கோயில் கம்பத்தடி மண்டபத்தில் கல்லில் செதுக்கப்பட்ட இதே காட்சியைப் படம் பார்ப்பவர்கள் அடையாளம் கண்டுகொண்டனர்.

தொழில் நடைமுறை

நாட்காட்டித் தொழிலில் ஓவியர் வரைந்த மூலப்படத்தை அச்சக உரிமையாளர் விலை கொடுத்து வாங்கிக்கொள்வார். அச்சகத்தில் நிறங்கள் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு நிறமும் தனித்தனிக் கல்லிலோ பின்னாளில் உலோகத் தகட்டிலோ ஏற்றப்பட்டு ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிடப்படும். படத்தின் கீழே வணிக நிறுவனத்தின் பெயரை அச்சிட இடம் விடப்படும். வாங்கும் கடைக்காரர் தம் பெயரைப் பொறித்து வாடிக்கையாளர்களுக்கு இலவசமாக வழங்குவார். சிவகாசியில் ஆடிப்பெருக்கை ஒட்டி அடுத்த ஆண்டுக்கான மாதிரிப் படத் தொகுப்புகளை வெளியிடுவது மரபாயிற்று. அத்தொகுப்பிலிருந்து வணிகர்கள் படத்தைத் தேர்ந்தெடுப்பர்.

ஒரு படம் வரவேற்பைப் பெற்றால் அதே படத்தைப் பல ஆண்டுகள் மீண்டும் மீண்டும் அச்சிடும் வழக்கம் இருந்தது. ஓவியருக்குப் பொதுவாக முதலில் கொடுத்த தொகையே கிடைக்கும். பிற ஓவியர்கள் அப்படத்தைப் பார்த்து வரைவதும் இயல்பாக இருந்தது. படம் எத்தனை வீடுகளுக்குச் சென்றது என்பதற்கும் ஓவியரின் வருமானத்துக்கும் தொடர்பில்லாத தொழிலாக இது இருந்தது. கொண்டைய ராஜுவின் கையொப்பம் படத்தின் ஓரத்தில் சிறிதாக இடம்பெற்றது. சட்டம் போடுவதற்காக வெட்டும்போது அதுவும் போய்விடுவதுண்டு.

ஓவியப் பாணி

கொண்டைய ராஜுவின் நாட்காட்டி ஓவியங்களில் நாடக மேடையின் அமைப்பு பல வகைகளில் தொடர்கிறது.

முதலாவதாக, தெய்வங்கள் பார்ப்பவரை நேராக நோக்கியவாறு ஒரே வரிசையில் நிற்கின்றனர் அல்லது அமர்ந்துள்ளனர். புராண நாடகங்களின் இறுதியில் மங்களம் பாடும்போது, நடிகர்கள் எல்லாரும் அசையாமல் நிற்கும் காட்சிக் கோலத்தை இது ஒத்திருக்கிறது. கோயில் கருவறையின் முன் நின்று காணும் காட்சியும் இத்தகையதே.

இரண்டாவதாக, படத்தில் ஆழம் இரு அடுக்குகளாக உள்ளது. முன்னே தளத்தில் தெய்வ உருவங்கள் உள்ளன. அவற்றுக்குப் பின்னே, இடைவெளி எதுவுமின்றித் தொலைதூர மலை, நீர்நிலை, கோபுரம், வானம் ஆகியவை தட்டையாக விரிகின்றன. நடிகருக்குப் பின்னால் தொங்கும் திரையும் இவ்வாறே காட்சியளிக்கும். தூண்கள், வளைவுகள், இருபுறமும் ஒதுக்கிக் கட்டிய திரைச்சீலைகள் ஆகியவை படத்தின் ஓரங்களில் மேடைச் சட்டத்தைப்போல் அமைகின்றன.

மூன்றாவதாக, ஒளி எப்போதும் முன்னிருந்தே முகங்களின் மேல் விழுகிறது. பின்னே வானம் விடியற்காலையைக் காட்டினாலும் தெய்வத்தின் முகத்தில் நிழல் படிவதில்லை. இது மேடையின் முன்விளிம்பில் வைக்கும் விளக்குகளின் ஒளி முறையாகும்.

நாடகத் திரையை வரைபவர் அதன் நடுப்பகுதியைப் பெரும்பாலும் வெறுமையாகவே விடவேண்டும். அவ்விடம் நடிகருக்கு உரியது. அங்கே கண்ணைக் கவரும் எதையும் வரைந்தால் நடிகர் மறைந்துவிடுவார். பல ஆண்டுகள் அந்த ஒழுங்குக்கு உட்பட்டு வரைந்த கொண்டைய ராஜு, நாட்காட்டியில் அதே பின்னணியை வைத்துக்கொண்டு நடுவிடத்தில் தெய்வத்தை வரைந்தார். கடைசி வரிசைக்கும் விளங்கவேண்டும் என்னும் மேடைத் தேவை, அறையின் மறுபுறத்திலிருந்து சுவரைப் பார்ப்பவருக்கும் விளங்கவேண்டும் என்னும் தேவையாக மாறியது. பெரிய வடிவம், தெளிவான வண்ணம், உடனே அறியத்தக்க அடையாளம் ஆகிய திரை ஓவிய இலக்கணங்கள் மலிவான அச்சுத் தாளிலும் சிதையாமல் நின்றன. நுண்மையான எண்ணெய் வண்ண ஓவியங்கள் கல்லச்சில் இழக்கும் சிறப்பை இவருடைய படங்கள் அந்த அளவுக்கு இழக்கவில்லை.

மாணவர்கள்

கொண்டைய ராஜு தம்மிடம் பயின்றவர்களைத் தம்முடன் தங்கவைத்துக் கற்பித்தார். டி. எஸ். சுப்பையா, எம். இராமலிங்கம், டி. எஸ். அருணாசலம் ஆகியோர் இவருடைய மாணவர்களுள் குறிப்பிடத்தக்கவர்கள். இவர்கள் ஒவ்வொருவரும் தனித்தும் நாட்காட்டி ஓவியர்களாகப் பெயர் பெற்றனர்.

ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து ஒரு படத்தை வரைவது இங்கு இயல்பாக இருந்தது. கொண்டைய ராஜு, சுப்பையா ஆகிய இருவரின் பெயர்களையும் ஒருங்கே தாங்கிய படங்கள் உண்டு. ஒருவர் முகமும் உருவமும் வரைய, மற்றொருவர் பின்னணியும் அணிகலனும் தீட்டும் முறை நாடகத் திரைக்கூடத்தில் வழக்கமானது. பெரிய திரையை ஒருவரே குறித்த நாளுக்குள் முடிக்க இயலாது என்பதால் அங்கே ஓவியம் கூட்டுத் தொழிலாகவே இருந்தது. அம்முறையை அச்சு ஓவியத்துக்கும் இவர் கொண்டுவந்தார். மாணவரின் பெயரைத் தம் பெயருக்கு இணையாக இடம்பெறச் செய்தமை, பெயரின்றி உழைத்த திரை ஓவியர்களின் மரபிலிருந்து இவர் விலகிய ஓர் இடமாகும்.

இதே காலத்தில் திருவனந்தபுரத்தைச் சேர்ந்த கே. மாதவனும் நாடகத் திரைகள், திரைப்படப் பதாகைகள், இதழ் அட்டைகள், நாட்காட்டிகள் என வரைந்து புகழ் பெற்றார். மேடையிலிருந்து அச்சுக்குச் செல்லும் பாதை ஒருவருக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை என்பதை இது காட்டுகிறது.

மறைவு

கொண்டைய ராஜு 1976 இல் மறைந்தார். அவர் காலத்திலேயே கல்லச்சு முறை மறைந்து மறுதோன்றி அச்சு முறை பரவிவிட்டது. சிவகாசியின் அச்சுத் தொழில் இந்தியா முழுவதற்கும் நாட்காட்டி வழங்கும் அளவுக்கு வளர்ந்திருந்தது. அவருடைய மாணவர்களும் அவர்களைப் பின்பற்றியவர்களும் அப்பாணியைத் தொடர்ந்தனர். பின்னர் கணினி வழி வடிவமைப்பு வந்தபோது கையால் வரையும் நாட்காட்டி ஓவியர்களின் தேவை குறைந்தது.

மதிப்பீடு

நீண்ட காலம் கலை வரலாற்று நூல்கள் நாட்காட்டிப் படங்களைக் கலையாகக் கருதவில்லை. விலை மலிவு, திரும்பத் திரும்ப அச்சிடப்படுதல், வணிக விளம்பரத்துடன் கலந்திருத்தல் ஆகியவை அதற்குக் காரணங்களாகக் கூறப்பட்டன. 1990களில் இருந்து இந்நிலை மாறியது. கனடா நாட்டு அறிஞர் இசுடீபன் இங்கிலிசு, கொண்டைய ராஜுவின் வாழ்வையும் படைப்புகளையும் பற்றி 1995 இல் வெளியான கட்டுரை ஒன்றில் விரிவாக ஆராய்ந்தார். இந்திய அச்சுப் படங்களின் வரலாற்றை எழுதிய கிறித்தோபர் பின்னியின் நூல் 2004 இல் வெளிவந்தது. இத்தகைய ஆய்வுகளுக்குப் பின் அருங்காட்சியகங்களும் தனியார் சேகரிப்பாளர்களும் பழைய நாட்காட்டிப் படங்களைத் தேடிச் சேகரிக்கத் தொடங்கினர்.

இப்படங்கள் எஞ்சியிருப்பதற்குச் சேகரிப்பாளர்களை விடப் பொதுமக்களே முதற்காரணமாவர். ஆண்டு முடிந்ததும் நாட்காட்டியின் தேதித் தாள்கள் தீர்ந்துவிடும். ஆனால் சாமி படத்தைக் குப்பையில் எறிய மனம் வராமல், மக்கள் அதை வெட்டிச் சட்டமிட்டுப் பொட்டு வைத்து வணங்கினர். பழுதடைந்த படங்களைக் கோயில் மரத்தடியில் கொண்டுபோய் வைத்தனர். நாடகக் குழு கலைந்த நாளில் கொண்டைய ராஜுவின் திரைகளுக்குக் கிடைக்காத நீண்ட வாழ்வு, ஓராண்டுக்கு மட்டும் எனத் தரப்பட்ட இந்தத் தாள்களுக்குக் கிடைத்தது. கோயிலுக்குள் செல்ல இயலாத முதியோரும், நுழைவு மறுக்கப்பட்டிருந்த மக்களும், வெளிநாடுகளுக்குச் சென்ற தமிழரும் தெய்வத்தை நேருக்கு நேர் காண இத்தகைய படங்களே உதவின.